குடத்தின் கழுத்தில் இருந்த ‘மு’

எங்கள் தாய்வழியில் ஐந்தாவது தலைமுறை ஒருவழியாகப் பிடிபட்டுவிட்டது. நான், அம்மா, ஆச்சி, பூட்டி, பூட்டியைப் பெற்ற ஓட்டி. ஓட்டி பிறந்த ஊர் முக்கூடல் என்பது எங்கள் வீட்டில் இப்போது இருக்கிற யாருக்கும் தெரியாத செய்தி. ஆறாவது ஆளிடம் வேலை நிற்கிறது. எப்படி இதுவரை வந்தேன் என்பது மறப்பதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். தாமிரபரணிக் கரையில் வேர் உள்ளவர்கள் யாராவது இதே வேலையில் இறங்கினால் கொஞ்சம் அலைச்சல் மிச்சமாகும். பெரியவர்களின் முழுப் பெயரை எழுதப் போவதில்லை, முதலெழுத்தே போதும்.

அப்பா வழி தேடுவது சுலபம். பத்திரம், பட்டா, குலதெய்வமான சாஸ்தாவின் கோயில் வரி எல்லாம் அந்த வழியில்தான் ஓடுகின்றன. அம்மா வழியில் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு கல்யாணம் குறுக்கே வரும். பெண்ணின் ஊர் மாறும், பெயருக்கு முன்னால் உள்ள எழுத்து மாறும், கும்பிடுகிற சாஸ்தாவும் மாறுவார். எனவே ஒவ்வொரு கண்ணிக்கும், பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டையும் சேர்த்துச் சொல்லும் சான்று ஒன்றாவது வேண்டும். வேலை முழுக்க அந்த ஒன்றைத் தேடுவதுதான்.

முதலில் காகிதங்களில் தொடங்கினேன். பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயர், வாக்காளர் பட்டியலில் அப்பா அல்லது கணவர் பெயர், பழைய பத்திரங்களில் ‘இன்னார் பாரியாள்’. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்து 1970-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கிராமப் பதிவுகள் கர்ணம், முன்சீப் கையில் இருந்தவை. 1980-இல் அந்தப் பதவிகளையே அரசு ஒழித்தது. எங்களுக்கு வேண்டிய ஊர்களில் நான் கேட்ட பதிவேடுகள் பெரும்பாலும் கிடைக்கவில்லை. ஆனால் இந்தப் பக்கம் தேடுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். மூத்த பிள்ளையின் பிறப்பை அப்பா ஊரில் தேடிப் பயனில்லை, அம்மாவின் பிறந்த ஊரில் தேட வேண்டும். எங்கள் அம்மாவின் பிறப்பைக் கண்டுபிடித்தது அப்படித்தான்.

வில்லங்கம் பார்த்ததில் பாதி பலன் கிடைத்தது. நான் தேடியபோது 1975-க்குப் பிந்தையவற்றை இணையத்திலேயே பார்க்க முடிந்தது. அதற்கு முந்தையவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டியிருந்தது, தேடும் வருடங்களுக்கு ஏற்பக் கட்டணம். நிலத்தின் சர்வே எண் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர் பெயர்ப்படி ஓர் அட்டவணையும் சொத்துப்படி இன்னோர் அட்டவணையும் 1908 பதிவுச் சட்டப்படி வைத்திருப்பார்கள். பெயர் அட்டவணையில்தான் எங்கள் பூட்டி அகப்பட்டார். அவருடைய அப்பா சு. என்பவர் வீரவநல்லூரில் கொஞ்சம் நஞ்சை எழுதிக் கொடுத்திருக்கிறார். ‘இன்னார் பாரியாளும் என் குமாரத்தியுமான’ என்று ஒரே வரியில் கணவர், அப்பா இரண்டும் வந்துவிட்டன. பூட்டியின் பிறந்த வீடும் புகுந்த வீடும் சேர்ந்துவிட்டன. அம்மா யார் என்று அந்தப் பத்திரத்தில் ஒரு சொல் கிடையாது. சு. அவர்களின் மனைவியாக எந்தப் பத்திரத்திலும் யாரும் இல்லை.

சரி, காகிதத்தை மூடி வைத்துவிட்டு மச்சில் ஏறினேன்.

நம் பக்கம் பெண்ணுக்குச் சீர் கொடுக்கும் பாத்திரத்தில் பெயர் வெட்டிக் கொடுப்பது வழக்கம். திருநெல்வேலி டவுன் ரத வீதிப் பாத்திரக் கடைகளில் இன்றைக்கும் வாங்கின கையோடு வெட்டிக் கொடுக்கிறார்கள். இப்போது மின்சார ஊசி, அந்தக் காலத்தில் சின்ன உளியும் சுத்தியும். ஒரு பெண்ணின் பெயர் அவளுடைய சொந்தப் பொருளில், அவள் உயிரோடு இருக்கும்போதே, கல்யாணத்தை ஒட்டி எழுதப்படுகிற இடம் இது ஒன்றுதான் என்று சொல்வேன். அம்மாவும் ஆச்சியும் பூட்டியும் மகள்களுக்கே பாத்திரம் கொடுத்து வந்ததால், ஒரு வீட்டு மச்சிலேயே மூன்று நான்கு தலைமுறை அடுக்கி இருக்கும்.

எல்லாவற்றையும் இறக்கி வரிசை எண் எழுதிய சீட்டை நூலில் கட்டினேன். குடம், தவலை, சருவச்சட்டி, உருளி, தாம்பாளம், கும்பா, குத்துவிளக்கு. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் இரண்டு பக்கம். இடப்பக்கத்தில் உலோகம், உயரம், வாய்ச் சுற்றளவு, எடை, எழுத்து எங்கே இருக்கிறது, எழுத்தின் உயரம், எனக்குத் தெரிகிற எழுத்துகள். வலப்பக்கத்தில் அந்தப் பாத்திரத்தைப் பற்றி யார் என்ன சொன்னார்கள் என்பது, அவரவர் சொல்லிலேயே. இரண்டையும் ஒரே பக்கத்தில் கலந்து எழுதினால், ‘இது ஆச்சியோடது’ என்று ஒருவர் சொன்ன பிறகு தேய்ந்த எழுத்துகூட ஆச்சி பெயராகவே கண்ணுக்குத் தெரியும். பிரித்து எழுதியது நல்ல முடிவு.

துலக்குவதில் கவனம் வேண்டும். செங்கல் பொடியும் சாம்பலும் போட்டு எழுபது எண்பது வருடம் தேய்த்ததில் புள்ளிப்புள்ளியாக வெட்டிய எழுத்துகள் ஏற்கெனவே பாதி போயிருக்கும். கடையில் விற்கிற பளபளப்புப் பொடி, நார் எதுவும் வேண்டாம். ஊறவைத்த புளியைக் கரைத்து வடிகட்டி, எழுத்து உள்ள இடத்தில் மட்டும் பஞ்சால் ஒற்றிக் கொஞ்ச நேரம் விட்டு, தண்ணீரில் அலசி, வேட்டித் துணியால் ஈரம் எடுத்தாலே போதும். கறுப்பு முழுக்கப் போக வேண்டியதில்லை. எழுத்துப் பள்ளத்துக்குள் கறுப்பு தங்கினால் படிக்க இன்னும் வசதி.

படிக்கிற முறைகளில் மூன்றைப் பார்த்தேன். பென்சில் தேய்த்துப் படி எடுப்பது தாம்பாளத்துக்கு அருமையாக வருகிறது. டிரேசிங் தாளும் 6பி பென்சிலும் போதும். குடத்தின் கழுத்தில் தாள் சுருங்குகிறது, 3 செ.மீ. அகலத்துக்குக் கீற்றாக வெட்டி ஒட்டிக்கொண்டால் சமாளிக்கலாம். அரிசி மாவை விரலால் தடவி மேலே இருப்பதைத் துடைத்தால் பள்ளத்தில் வெள்ளை நிற்கும், கறுத்த செம்பில் அது நன்றாகத் தெரியும். எல்லாவற்றையும் விடச் சிறந்தது, ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பாத்திரத்தோடு ஒட்டின மாதிரி பக்கவாட்டில் பிடிப்பது. நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்த்தால் ஒவ்வொரு உளிப் புள்ளிக்கும் ஒரு நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். டார்ச்சைக் கழுத்தைச் சுற்றி மெதுவாக நகர்த்திக்கொண்டே வீடியோ எடுத்தேன். பிறகு நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது நேரில் தெரியாததும் தெரிந்தது.

இப்படிப் படித்ததில் எங்கள் வீட்டு வழக்கம் ஒன்று புரிந்தது. கல்யாணச் சீர் என்றால் ஊர் எழுத்து, அப்பா எழுத்து, பெண்ணின் பெயர். பூட்டியின் கல்யாணத் தவலையில் ‘வீ. சு. கோ…’ என்று இருக்கிறது. வீரவநல்லூர், அப்பா சு., பூட்டி கோ. பத்திரத்தோடு அப்படியே பொருந்துகிறது. பக்கத்தில் ௧௦௯௪ ௵ ஆனி ௴, அதோடு சித்தார்த்தி என்றும் வெட்டியிருக்கிறது.

இந்த எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. இது கொல்லம் ஆண்டு. கி.பி. 825-இல் தொடங்கியது, நம் பக்கம் ஆவணி முதல் தேதி புதுவருடம் பிறக்கும். ஆவணியிலிருந்து மார்கழி நடுவரை என்றால் 824 கூட்ட வேண்டும், அதற்குப் பிறகு ஆடி முடிய 825. எனவே 1094 ஆனி என்பது 1919 ஜூன், ஜூலை. சித்தார்த்தி வருடம் 1919 சித்திரையில் பிறந்தது, ஆக இரண்டும் ஒத்துப்போகின்றன. தமிழ் எண்கள் படிக்கிறவர்களைக் குழப்பும். ௧ அப்படியே ‘க’ மாதிரி இருக்கும், ௯ ‘கூ’ மாதிரி, ௬ ‘சு’ மாதிரி. எழுத்து என்று நினைத்துப் படித்தால் இல்லாத ஒரு ஆளின் பெயர் கிடைக்கும். ௵, ௴ குறிகளை முதலில் கண்டுபிடித்துவிட்டால் அதற்கு இடப்பக்கம் இருப்பது எண் என்று தைரியமாகச் சொல்லலாம்.

அப்புறம் அந்தக் குடம். பித்தளை, உயரம் 31 செ.மீ., எடை 3 கிலோ 200 கிராம். கழுத்தில் ‘மு. வே. கோ…’ என்றும் ௧௦௯௧ ௵ தை ௴ என்றும் இருக்கிறது. தை 1091 என்றால் 1916 ஜனவரி, பிப்ரவரி.

பெயர் பூட்டியின் பெயரேதான். ஆனால் ஊர் எழுத்தும் சரியில்லை, அப்பா எழுத்தும் சரியில்லை. கணவர் வீட்டு எழுத்தும் இல்லை. எங்கள் பக்கம் பேத்திக்குப் பாட்டி பெயர் விடுவதால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வந்துகொண்டே இருக்கும். அதனால் முதலில் இதை வேறொரு கோ. என்று எடுத்துக்கொண்டு, மு. ஊரில் வே. என்பவரின் மகளைத் தேடினோம். அந்த வழி எங்கும் போகவில்லை. பூட்டிக்கு முந்தைய கோ. என்றால் 1916-இல் அவர் பாட்டியாக இருந்திருக்க வேண்டும், புதுக்குடத்தில் பெயர் வெட்டிச் சீர் வாங்குகிற வயது இல்லை. பிந்தைய கோ. அப்போது பிறக்கவே இல்லை. குடத்தை அப்படியே வைத்துவிட்டு, பேச்சு பதிவு செய்யும் வேலைக்குப் போனேன்.

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், போனே போதும். கேட்கிற கேள்விதான் முக்கியம். ‘உங்க ஆச்சி பேரு என்ன, அவங்க அம்மா பேரு என்ன’ என்று கேட்டால் இரண்டாவது பேருக்கே தயங்குவார்கள். பிறந்த வீட்டுக்காரர்கள் கட்டாயம் வந்தே ஆக வேண்டிய சந்தர்ப்பங்களைக் கேட்க வேண்டும். பெண் வயதுக்கு வந்த சடங்குக்குத் தாய்மாமன் சீர் யார் கொண்டுவந்தார்கள்? தலைப்பிரசவத்துக்கு எந்த ஊருக்குப் போனார்கள்? அவர் இறந்தபோது பிறந்த வீட்டுக் கோடித் துணி யார் போட்டார்கள்? கோடி போட்டவரை எண்பது வயதுக்காரர்களும் மறப்பதில்லை. யார் வரத் தாமதமானது, யாருக்காகக் காத்திருந்தார்கள் என்பதுவரை சொல்வார்கள்.

எங்கள் ஆச்சியின் தங்கையை நாங்கள் சின்ன ஆச்சி என்போம். எண்பதைத் தாண்டியவர், நினைவு தெளிவு. அவருடைய மூத்த அக்கா கல்யாணத்தைப் பற்றிப் பேச்சு வந்தது.

“எங்க மூத்தவளை எங்கம்மைக்குத் தம்பிதான் கட்டினாவ. சொந்தத் தாய்மாமன்.”

கூட இருந்த பெரியம்மை சட்டென்று கேட்டார். “அது எப்படித்தா? அக்காவும் தம்பியும் ஒரே கிளை. அக்கா மவளும் அதே கிளை. கிளைக்குள்ள யாரு கட்டுவா?”

“எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா. கட்டினாவ, அம்புட்டுதான்.”

இந்த இடத்தில்தான் வேலை திரும்பியது. வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் கொண்டையங்கோட்டை மறவர். எங்களிடம் மிளகு, வெற்றிலை, தென்னை, கமுகு, ஈச்சு, பனை என்று ஆறு கொத்து, கொத்துக்கு மூன்று கிளை. கிளை தாயிடமிருந்து பிள்ளைகளுக்கு வருகிறது. அப்பாவுக்கு அவருடைய அம்மாவின் கிளை, பிள்ளைகளுக்கு அவர்களுடைய அம்மாவின் கிளை, அதனால் அப்பாவும் பிள்ளையும் வேறு வேறு கிளை. ஒரே கிளைக்குள் கல்யாணம் கிடையாது, அண்ணன் தங்கை முறை. மாமன் மகளைக் கட்டலாம், ஏனென்றால் அவளுக்கு அவளுடைய அம்மாவின் கிளை. அத்தை மகளையும் கட்டலாம். ஆனால் கூடப்பிறந்த அக்காவின் மகள் தன் கிளையேதான், கட்டவே முடியாது. மற்ற பல சாதிகளில் அக்கா மகளைக் கட்டுவது சாதாரணம் என்பதால் கேட்கிறவர்களுக்கு இதில் ஒன்றும் உறுத்தாது. பெரியம்மைக்கு உறுத்தியது.

சின்ன ஆச்சி சொன்னது நிச்சயமான செய்தி, அவர் கண்ணால் பார்த்த குடும்பம். கிளை விதியும் அந்தக் காலத்தில் மீற முடியாதது. இரண்டும் உண்மை என்றால் ஒரே வழிதான் உண்டு. பூட்டியும் அவருடைய தம்பியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இல்லை. சு. அவர்களுக்கு இரண்டு தாரம். எங்கள் வீட்டில் யாரும் வாயால் சொல்லாத செய்தியை ஒரு கல்யாணம் சொல்லிவிட்டது.

அப்பா வழிக்காரர்களுக்கு இது ஒரு தகவல், அவ்வளவுதான். தாய்வழி தேடுகிறவர்களுக்கு எல்லாமே இதில்தான் இருக்கிறது. பூட்டியைப் பெற்றவர் எந்தத் தாரம், எந்த ஊர்?

சு. அவர்களின் பங்காளிகளை எங்கே போய்த் தேடுவது? வீரவநல்லூரில் வீடு கைமாறி வெகு காலம் ஆகிவிட்டது. ஆனால் பங்குனி உத்திரம் இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் யார் எங்கே பிழைக்கப் போனாலும் அன்றைக்குத் தங்கள் சாஸ்தா கோயிலுக்கு வந்து சேர்வார்கள். காரையாறு சொரிமுத்து அய்யனார், மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் போன்ற பெரிய கோயில்களிலிருந்து ஊருக்கு வெளியே கண்மாய்க் கரையில் இருக்கும் சின்னப் பீடம் வரை அன்று கூட்டம்தான். பூட்டி கல்யாணத்துக்கு முன் கும்பிட்ட சாஸ்தா எது என்று சின்ன ஆச்சிக்குத் தெரிந்திருந்தது. ஓர் ஆச்சியோ பூட்டியோ பிறந்த வீட்டைத் தேடுகிறவர்கள் அவருடைய பிறந்த வீட்டுச் சாஸ்தா எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வருடத்தில் ஒருநாள் அந்த வம்சம் முழுக்க ஒரே மரத்தடியில் பொங்கல் வைத்துக்கொண்டிருக்கும்.

அங்கே பூட்டியின் தம்பிக்குப் பேரன் முறையாகிற பெரியவர் ஒருவர் கிடைத்தார். “ஆமா, எங்க பூட்டனுக்கு ரெண்டு தாரம். நாங்க கடையத்தாளு வழி. மூத்தவ ஆத்துக்கு வடகரைன்னு சொல்லுவாவ. பிள்ளை இல்லாமச் செத்துப்போனதாக் கேள்வி.”

பிள்ளை இல்லை என்றால் பூட்டியும் கடையத்தாள் பிள்ளையாக வேண்டும். அப்படியானால் தம்பி அக்கா மகளைக் கட்டியிருக்க முடியாது. வாய்மொழிகள் இரண்டும் மோதுகின்றன, தீர்க்கக் கிளை வேண்டும். அந்தப் பெரியவரிடம் அவருடைய கிளையைக் கேட்டுப் பயன் இல்லை. அவருக்கு அவருடைய அம்மாவின் கிளை, அந்த அம்மா எங்கிருந்தோ வந்தவர். சாஸ்தா கோயிலில் கூடியிருக்கிற அத்தனை பங்காளிகளுக்கும் ஆளுக்கொரு கிளை. கடையத்தாளின் கிளை வேண்டுமானால் கடையத்தாளின் மகள், மகளின் மகள் என்று இறங்க வேண்டும். கடையத்தாளுக்கு ஒரு மகள் உண்டு, மகளுடைய மகளின் மகள் அம்பாசமுத்திரத்தில் இருக்கிறார் என்று பெரியவரே சொன்னார்.

கிளை கேட்பதில் நான் ஒரு முறை வைத்துக்கொண்டேன். எங்கள் கிளையைச் சொல்லாமல் அவர்களுடையதை முதலில் கேட்டு, அவர்கள் கண்முன்னேயே நோட்டில் எழுதிவிட வேண்டும். நாம் முதலில் சொல்லிவிட்டால், ‘நாங்களும் அதுதான் போல’ என்று அன்பினால் சொல்லிவிடுவார்கள். அம்பாசமுத்திரத்து மைனி கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார், அவர் மகளுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்ததால் கிளை நாக்கு நுனியில் இருந்தது. எங்கள் கிளை இல்லை. கொத்தே வேறு.

ஆக, பூட்டி கடையத்தாள் பிள்ளை இல்லை. மூத்த தாரத்தின் பிள்ளை. பிள்ளையே இல்லாமல் செத்தார் என்பது பின்னால் வந்தவர்களிடம் தேய்ந்துபோன செய்தி.

வீட்டுக்கு வந்து குடத்தை மறுபடி எடுத்தேன். 1916-இல் பூட்டிக்குச் சுமார் பதினான்கு வயது. கல்யாணத்துக்கு மூன்று வருடம் முன்னால். கல்யாணச் சீர் இல்லை என்றால் அது சடங்குச் சீர்! சடங்குக்குக் குடம் கொண்டுவர வேண்டியவர் அப்பா இல்லை, தாய்மாமன். வெட்டியிருப்பது தாய்மாமன் ஊரும் தாய்மாமன் எழுத்தும். ‘வே.’ பூட்டியின் அம்மாவுடைய தம்பியோ அண்ணனோ. ‘மு.’ ஓட்டி பிறந்த ஊர். முன்னீர்பள்ளமா முக்கூடலா என்ற சந்தேகம் கொஞ்சம் இருந்தது. முன்னீர்பள்ளம் தென்கரை. ‘ஆத்துக்கு வடகரை’ என்று பெரியவர் சொன்னது முக்கூடலைக் காட்டியது.

முக்கூடலில் கேட்டது ஒரே கேள்விதான். ‘இங்கே இருந்து வீரவநல்லூருக்கு எப்போதாவது சடங்குச் சீர் போனதாகக் கேள்வி உண்டா?’ பல வீடுகளில் இல்லை என்றார்கள். வே. என்ற எழுத்துக்குப் பொருந்துகிற தாத்தா இருந்த ஒரு வீட்டில், அவருடைய மகன் வழிப் பேத்தி, வயதானவர், சொன்னார்.

“எங்க தாத்தாவுக்கு மூத்த அக்கா ஒண்ணு. பிள்ளை பெத்துக் கொஞ்ச நாள்ல செத்துப்போச்சு. கைப்பிள்ளையத் தகப்பன் வீட்டுலயே வளத்தாவ. அந்தப் பிள்ளை சமைஞ்சப்போ தாத்தா வண்டி கட்டிக் குடமும் விளக்கும் கொண்டுபோனாவளாம். அதுக்கப்புறம் போக்குவரத்து விட்டுப்போச்சு.”

அவரை உட்கார வைத்து, போனில் இருந்த குடத்தின் வீடியோவைக் காட்டினேன். எழுத்தைப் பார்க்காமல் குடத்தின் வயிற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்ப நீ எங்க வீட்டுப் பிள்ளைல்லா” என்றார். எனக்கு வார்த்தை வரவில்லை. நூறு வருடத்துக்கு மேலாக ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் நடுவே இருந்த பாதை அடைபட்டுக் கிடந்திருக்கிறது.

உணர்ச்சியில் முடிவு கட்டிவிடக் கூடாது என்று கடைசிச் சோதனையையும் செய்தேன். அவர் மகன் வழிப் பேத்தி, அவருடைய கிளை உதவாது. ஓட்டிக்கு ஒரு தங்கை இருந்திருக்கிறார், அவர் வழியில் மகள், பேத்தி, கொள்ளுப்பேத்தி என்று பெண்களாகவே இறங்கிய ஒரு குடும்பம் பக்கத்துத் தெருவில் இருந்தது. முதலில் அவர்களுடைய கிளையைக் கேட்டு எழுதினேன். எங்கள் கிளையேதான். பதினெட்டுக் கிளையில் அதே கிளை தற்செயலாகவும் வரலாம், உண்மைதான். ஆனால் குடத்தின் எழுத்து, வருடம், பெரியவர் சொன்ன கரை, வே. தாத்தா வண்டி கட்டிய கதை, கிளை என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்தும் ஒரே வாசலில் வந்து நிற்கின்றன. எனக்கு இது போதும்.

மரபணுச் சோதனை செய்திருக்கலாமே என்று தம்பி கேட்டான். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ அம்மாவிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும், மகள்கள் மட்டுமே அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பார்கள். கிளை நடக்கிற அதே பாதை. அம்பாசமுத்திரத்து மைனியையும் முக்கூடல்காரர்களையும் எங்களோடு ஒப்பிட அது இன்னும் உறுதியான சான்று தந்திருக்கும். ஆனால் அதற்கும் யாருடைய மாதிரியை எடுப்பது என்று முதலில் தெரிய வேண்டும். அந்த ஆட்களைக் கண்டுபிடித்துக் கொடுத்தது குடமும் கிளையும் சாஸ்தா கோயிலும்தான். கண்டுபிடித்த பிறகு கேள்வி தானாகவே தீர்ந்துவிட்டது.

செலவு பெரிதாக இல்லை. டார்ச் 350, தொங்கு தராசு 400, டிரேசிங் தாள், பென்சில், கட்டு நோட்டு எல்லாம் சேர்த்து 300-க்குள். பத்திர நகலுக்குத்தான் அதிகம் ஆனது. பயணம் பெரும்பாலும் டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணம் இல்லை. போகிற வீடுகளுக்கு வாங்கிப் போன அல்வாவை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

மறுபடி செய்வதாக இருந்தால் வரிசையை மாற்றுவேன். பத்திரத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு முதலில் வயதானவர்களின் பேச்சு, அப்புறம் பாத்திரம். பாத்திரம் காத்திருக்கும், பெரியவர்கள் காத்திருக்க மாட்டார்கள். பாத்திரத்திலும் கல்யாணச் சீர், சடங்குச் சீர், பிரசவச் சீர் என்று மூன்று கட்டம் போட்டு, எழுத்து யாருடையது என்பதைக் கட்டத்துக்குக் கட்டம் தனியாக யோசிப்பேன். வருடம் தெரிந்தால் கட்டம் தெரியும், கட்டம் தெரிந்தால் எழுத்து அப்பாவுடையதா மாமனுடையதா என்பது தெரியும். பதிவு செய்யும்போது பெரியம்மை மாதிரி முறை தெரிந்த ஒருவரைக் கட்டாயம் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். அந்தக் கேள்வியை அவர் கேட்காமல் இருந்திருந்தால் சின்ன ஆச்சி சொன்னதை அப்படியே எழுதிவிட்டு வந்திருப்பேன்.

ஆறாவது தலைமுறை, அதாவது ஓட்டியின் அம்மா, இன்னும் பெயர் இல்லாமல் இருக்கிறார். முக்கூடல் வீட்டுப் பித்தளையில் பெரும்பகுதி எவர்சில்வர் வந்த காலத்தில் எடைக்குப் போய்விட்டது. பழைய குடத்தைக் கொடுத்துப் புதுக் குடம் வாங்கினோம் என்று அவர்களே சொன்னார்கள். ஓட்டியின் சடங்குக்குச் சீர் கொண்டுவந்த தாய்மாமன் எந்த ஊர் என்று அந்த வீட்டில் யாருக்கும் நினைவில்லை. ஒரு மரப்பெட்டி மட்டும் மச்சில் இருக்கிறது, உள்ளே ஒரு கும்பாவும் சில தாம்பாளங்களும் கிடப்பதாகச் சொல்கிறார்கள். பெட்டியை இறக்க இரண்டு ஆள் வேண்டும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது இறக்கலாம், வந்துவிடு என்றார்கள். டார்ச்சும் அரிசி மாவும் எடுத்து வைத்திருக்கிறேன், தம்பியையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.